முடிவைச் சொல்லக்கூடாத வீடு

ஒரு சவர்க்காரக் கம்பெனிக்காக நான் ஒரு வருடம் முழுவதும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அந்தச் சவர்க்காரத்தை நான் கண்ணால் கண்டதில்லை, அதன் வாசம் என்னவென்றும் தெரியாது. பிலிப்பைன்ஸில் விற்கிற சவர்க்காரம். அந்த நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் அணிகளுக்கு ஊர்ப்பெயர் கிடையாது. பியர்க் கம்பெனி, பெயின்ற் கம்பெனி, பால்மாக் கம்பெனி என்று முதலாளிகளின் பெயரில்தான் அணிகள். எங்களுக்கு வாய்த்தது சவர்க்காரம். எங்களுக்கு என்றால், டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்து மாடிவீடு ஒன்றில் ஒன்றாகக் குடியிருந்த மூன்று தமிழ் அகதிகளுக்கு. மூவரும் மனைவி பிள்ளைகளை இலங்கையில் விட்டுவிட்டு வந்தவர்கள். மூவரும் அவர்களை அழைப்பதற்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள்.

பின்னாளில் டெனிஷ் பத்திரிகைகள் அந்தக் காலத்துக்குத் தமிழர் வழக்கு என்று பெயர் வைத்தன. அப்போது எங்களுக்கு வழக்கும் தெரியாது, பெயரும் தெரியாது. தெரிந்ததெல்லாம் கீழ்மாடியில் இருந்த தபாற்பெட்டி. வேலையால் வரும்போது அதன் சிறிய துவாரத்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். சாவி என் சட்டைப்பையில்தான் இருக்கும், இருந்தாலும் முதலில் விரல்தான் போகும். கடை விளம்பரங்களைத் தவிர அதற்குள் ஒன்றும் இருக்காது.

எங்களைக் கூடைப்பந்தாட்டத்துக்குள் இழுத்துவிட்டவர் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். நான் வேலை செய்த பின்னலாடைத் தொழிற்சாலையில் அவர் தையற்பகுதியில் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், டெனிஷ்காரர் ஒருவரைக் கட்டியவர், குள்ளம், குரல் மட்டும் பெரியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது ஒருநாள் என்னைப் பார்த்து, பூசைக்குப் பிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறு இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வரச்சொன்னார், கூட இருக்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வரச்சொன்னார். நாங்கள் அவரை அக்கா என்றே கூப்பிட்டோம். அதற்கு அர்த்தம் சொன்னபோது, தங்களுடைய மொழியில் அதற்கு வேறொரு சொல் இருக்கிறது, ஆனால் இதுவும் நல்லாயிருக்கிறது என்றார்.

எனக்குக் கூடைப்பந்தாட்டம் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மன்னாரில் நான் உதைபந்தாட்டம் ஆடியவன். கூடைக்குள் பந்து போடுவது கொன்வென்ற் பிள்ளைகளின் விளையாட்டு என்பதுதான் என் எண்ணம். அக்காவின் வீட்டில் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மணிலாவில் இருந்த அக்காவின் தம்பி ஒவ்வோர் ஆட்டத்தையும் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து, இரண்டு மூன்று வீடியோக் கசெற்றுகளாகப் பொதிசெய்து தபாலில் அனுப்புவார். பொதி வந்து சேர ஐந்து ஆறு கிழமை ஆகும். அங்கத்தைய கசெற் இங்கத்தைய பெட்டியில் ஓடாது என்பதால் அக்காவின் கணவர் ஜெர்மனியிலிருந்து ஒரு விசேஷ இயந்திரம் கொண்டுவந்து வைத்திருந்தார். அது ஓடியது, ஆனால் நிறம் வராது. ஒரு வருட ஆட்டம் முழுவதையும் நாங்கள் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தோம். எங்கள் அணியின் சட்டை பச்சை என்று அக்கா அடித்துச் சொல்லுவார். கணவர் கதிரையில் இருந்தபடியே அது நீலம் என்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த ஒரு விஷயத்தில் மட்டுமே அவர் மனைவியை எதிர்த்துப் பேசியிருப்பார்போலத் தெரிந்தது.

அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆட்டத்தின் முடிவை யாரும் சொல்லக்கூடாது. மணிலாவிலிருந்து வரும் கடிதங்களை அக்கா பிரிக்காமல் மணிக்கூட்டுக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, அந்தக் கிழமைக்குரிய கசெற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் படிப்பார். தாய் தொலைபேசியில் கூப்பிட்டாலும் முதல் வார்த்தையே ஆட்டம் பற்றிப் பேசவேண்டாம் என்பதுதான். கசெற்றுகளையும் ஒழுங்கு மாற்றிப் பார்க்கக்கூடாது. ஒருமுறை ஒரு பொதி தாமதித்து அதற்கு அடுத்தது முந்தி வந்துவிட்டது. மூன்று ஞாயிறு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம், அக்கா அதைத் தொடவே விடவில்லை. இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கள் அணி வென்றால் ஆட்டம் முடிந்தபின் பெரிய சட்டியில் நூடில்ஸ் வரும், எலுமிச்சை பிழிந்து, கோழியும் இறாலும் போட்டு. தோற்றால் வெறுங்கோப்பி, அதையும் பேசாமல் குடித்துவிட்டு எழும்பவேண்டும்.

எங்கள் மூவரில் மூத்தவரை நாங்கள் அண்ணை என்போம். அவர் பெந்தகொஸ்தே சபை, எங்கள் கோவில் வாசலை மிதிக்கமாட்டார். ஆனால் இரண்டரை மணிக்கு எங்களுக்கு முதலே அக்காவின் வாசலில் நிற்பார். ஆட்டத்துக்கு முன் கண்ணை மூடுவார். வெல்லவேண்டும் என்று கேட்கமாட்டாராம், ஒருவருக்கும் கால் முறியக்கூடாது என்றுதான் கேட்பாராம். மற்றவன் என் வயதுக்காரன், யாழ்ப்பாணப் பட்டினம், எதையும் ஒரு நக்கலோடுதான் பார்ப்பான். அண்ணையின் செபம் இருக்கும்வரைக்கும் அந்த லீக்கில் ஆஸ்பத்திரிகளுக்கு வேலை இல்லை என்பான்.

அந்த லீக்கில் ஒரு வருடம் என்பது மூன்று சுற்று. ஒரு சுற்றில் ஒவ்வோர் அணியும் வெளிநாட்டான் ஒருவனைச் சேர்க்கலாம். சவர்க்காரக் கம்பெனி அமெரிக்காவிலிருந்து ஒரு நெட்டையனைக் கொண்டுவந்தது. அவன் நான்கு ஆட்டத்தில் சோபிக்கவில்லை. ஐந்தாவது கசெற்றைப் போட்டபோது அவனுடைய இடத்தில் வேறொருவன் நின்றான். பழையவன் எங்கே என்று கேட்டேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார். எங்கள் மூவருக்கும் முகம் செத்துவிட்டது. திருப்பி அனுப்புவது என்ற சொல்லை அந்த நாட்களில் எங்களால் சாதாரணமாகக் கேட்கமுடியாது.

என்னுடைய ஆள் பதினான்காம் இலக்கம். அவன் ஆடவே மாட்டான். ஒவ்வோர் ஆட்டத்திலும் உடற்பயிற்சிச் சட்டையைக் கழற்றாமல் மைதான ஓரத்து நீள வாங்கின் கடைசியில் இருப்பான். முழங்காலில் ஒரு பட்டி. பயிற்சியாளர் எழும்பும்போதெல்லாம் அவனும் சட்டையின் பொத்தானில் கையை வைப்பான். பயிற்சியாளர் வேறொருவனைக் கூப்பிடுவார், பதினான்காமவன் கையை எடுத்துவிடுவான். ஆட்டத்தை விட்டுவிட்டு நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சில ஞாயிறுகளில் எனக்கு அவன்மேல் எரிச்சலாக வரும். எழும்பிப் போயேன்டா என்று மனதுக்குள் திட்டுவேன். அவன் எங்கே போவான், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன்.

இனி மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்கு ஊர் யாழ்ப்பாணத்து இளவாலை. இந்திய இராணுவம் அங்கே நின்ற நாட்கள். விண்ணப்பத்துக்கான நேர்முகம் கொழும்பில் என்பதால், நான்தான் அவளை நாலு வயது மகளோடு கொழும்புக்கு வரச்சொன்னேன். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்னறையில் தங்கினாள். மூன்று மாதத்தில் பதில் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அவளுக்கு அப்படியே சொன்னேன். மூன்று மாதம் போனது, ஐந்து போனது. அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு. மகள் முற்றத்தில் விளையாடக் கேட்டால் வீட்டுக்காரி முகம் சுளிப்பாளாம். வெளியே போனால் பொலிஸ் பதிவைக் காட்டவேண்டும். அவள் அங்கே அடைபட்டுக் கிடந்தாள், நான் இங்கே ஜூட்லாந்தின் காற்றும் வெளியும் இருந்தும் அடைபட்டுக் கிடந்தேன்.

நாங்கள் கடிதம் எழுதுவது குறைவு. கசெற்றில் பேசி அனுப்புவோம், அந்நாட்களில் பலரும் அப்படித்தான். ஒரே ஒரு கசெற் எங்களுக்கு. நான் பேசி அனுப்பினால் அவள் கேட்டுவிட்டு அதன்மேலேயே பேசித் திருப்பி அனுப்புவாள், நான் மறுபடி அவளுக்கு மேல் பேசுவேன். ஒரு பக்கம் எங்களுக்கு, மறுபக்கம் மகளின் பாட்டுக்கு. பேச்சின் நீளம் ஒவ்வொருமுறையும் ஒரேயளவாக இருக்காது என்பதால், அவள் பேசி முடிந்த இடத்துக்குப் பின்னால் என் பழைய பேச்சின் வால் ஒன்று கிடக்கும். நான் அதைக் கேட்பதில்லை. என் குரலை நானே கேட்க எனக்குக் கூச்சம். அவள் முடித்துவிட்டேன் என்றதும் பொத்தானை அமத்திவிடுவேன்.

மூன்றாம் சுற்று தொடங்கிய சமயம் நவம்பர். எங்களுக்குப் படிவம் நிரப்பித்தரும் ஒரு டெனிஷ் அம்மா இருந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து அவரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொல்லி, மெதுவாக டெனிஷில் சொன்னார், நான் விளங்கிக்கொள்ளவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக. தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை மேலிடத்தில் ஒருவரும் தொடுவதில்லை. மறுப்பதுமில்லை, அனுமதிப்பதுமில்லை. அடியில் வைத்திருக்கிறார்கள். சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் எழுத்தில் ஒருவரும் ஒன்றும் தரமாட்டார்கள். எவ்வளவு காலம் என்று கேட்டேன். தெரியாது என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அந்தச் செய்தியை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அண்ணைக்குச் சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மனைவிக்கு ஏன் சொல்லவில்லை என்றால், பயம். பதில் வராது என்று தெரிந்தால் அவள் மகளையும் தூக்கிக்கொண்டு இளவாலைக்குப் போய்விடுவாள். பாதை எப்போது மூடும் எப்போது திறக்கும் என்று தெரியாத காலம். பிறகு அவளைக் கொழும்புக்கு எடுக்கவே முடியாது, இங்கே எடுப்பதைப் பற்றிப் பேசத் தேவையில்லை. கொட்டாஞ்சேனை அறையில் அவள் இருக்கும்வரைதான் எனக்கு ஒரு குடும்பம் இருப்பதுபோல இருந்தது. சுயநலம்தான். அதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் வரும் என்று டிசம்பரில் பேசி அனுப்பினேன்.

ஜனவரியில் அவளுடைய பதில் வந்தது. தன் அப்பாவுக்குச் சுகமில்லை, நெஞ்சில் சளி கட்டிவிட்டது, சாப்பாடு இறங்குவதில்லை என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னாராம். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு இரண்டு கிழமையில் திரும்பி வரட்டுமா என்று கேட்டிருந்தாள். அழவில்லை. நேரே கேட்டிருந்தாள். "நீங்கள் என்ன சொல்லுறீங்களோ அதைச் செய்யிறன்" என்று முடித்திருந்தாள். அந்தக் கடைசி வசனம்தான் என் கழுத்தைப் பிடித்தது. நான்கு நாள் கசெற்றைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். ஏழு ஆட்டத் தொடரில் மூன்றுக்கு மூன்று. கடைசிக் கசெற் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்திருந்தது. நாங்கள் போய் உட்கார்ந்ததும் அக்கா நூடில்ஸ் சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இன்றைக்குக் குளிர் கூட, சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் பார்ப்போம் என்றார். அண்ணை இரண்டு கோப்பை சாப்பிட்டார். எனக்குள் ஏதோ ஒன்று இடறியது, என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கும் என்னால் நிமிடம் நிமிடமாகச் சொல்லமுடியும். அக்கா வழமைபோலவே நடுவரைத் திட்டினார், தலையணையைத் தூக்கி எறிந்தார், கணவரின் தோளில் அடித்தார். கடைசி நிமிடத்தில் எங்கள் ஆட்கள் இருவர் ஆறாவது தவறோடு வெளியேறினார்கள். பயிற்சியாளர் வாங்கின் கடைசியைப் பார்த்தார். பதினான்கு எழும்பினான். பொத்தானைக் கழற்ற அவனுக்கு நேரம் எடுத்தது. நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். இரண்டு புள்ளி பின்னால். அவனை ஒருவன் இடித்துவிட, அவனுக்கு இரண்டு இலவச எறிதல். முதலாவது உள்ளே போனது. இரண்டாவது வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம். பதினான்கு அந்தக் கோட்டிலேயே நின்றான். மற்றவர்கள் வந்து அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

அக்கா கோப்பி எடுத்துவர எழும்பினார். அப்போதுதான் எனக்கு ஓடி வெளித்தது. வென்றால் பிறகு வரவேண்டிய சாப்பாடு இன்றைக்கு முதலே வந்தது. முடிவு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். நத்தார் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்ட மைத்துனி தொலைபேசியை எடுத்ததுமே அழுதுவிட்டாளாம். அப்படியென்றால் நான்கு ஞாயிறு இவர் எல்லாம் தெரிந்துகொண்டே எங்களோடு சேர்ந்து கத்தியிருக்கிறார், தலையணை எறிந்திருக்கிறார், அடுத்த ஆட்டத்தில் இவனை இறக்கினால் வெல்லலாம் என்று எங்களோடு வாதாடியிருக்கிறார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவது ஊரறிந்த விஷயம், ஆனால் அன்றைக்கு வந்தது அந்தக் கணக்கில் சேராது. தோற்றுப்போன ஆட்டத்துக்கு எங்களை ஒரு மாதம் கத்தவிட்டீர்கள், எங்களைச் சின்னப்பிள்ளைகள் என்று நினைத்தீர்களா என்று கேட்டேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அண்ணை என் கையைப் பிடித்தார், உதறினேன். அக்கா கோபிக்கவில்லை. கோப்பிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி ஆங்கிலம் பாதி டெனிஷில் சொன்னார்:

"சொல்லியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கு நீங்கள் மூன்று பேரும் எங்கே போயிருப்பீர்கள்?"

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மற்ற இருவரும் கோப்பிக்கு நின்றுவிட்டார்கள். பனி கரைந்து சேறாகிக் கிடந்த தெருவில் அக்காவைத் திட்டிக்கொண்டே நடந்தேன். பாலத்தடிக்கு வந்தபோது நான் திட்டுவது அக்காவையல்ல என்பது எனக்கு விளங்கிவிட்டது. அக்கா மறைத்தது ஒரு பந்தாட்டத்தை. நான் மறைத்தது கோட்டுப் பைக்குள் கிடந்தது.

வீட்டில் ஒருவரும் இல்லை. மேசையில் கசெற் ரேடியோவை வைத்து, பொத்தானை அமத்திப் பேசத் தொடங்கினேன். டெனிஷ் அம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். நவம்பரிலேயே தெரியும் என்று சொன்னேன். டிசம்பரில் பேசியது பொய் என்று சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன், அந்த இடத்தில் கொஞ்சம் அழுதேன். கடைசியில் அப்பாவிடம் போகச் சொன்னேன். இருபது நிமிடம் பேசியிருப்பேன். நிறுத்தியபோது உடம்பு இலேசாக இருந்தது. எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன்.

தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் பயம் திரும்பி வந்துவிட்டது. அவள் பஸ்ஸில் ஏறுவது தெரிந்தது. வவுனியாவுக்கு அங்கால் சோதனைச் சாவடிகளில் மகளோடு இறங்கி ஏறுவது தெரிந்தது. பாதை மூடுவது தெரிந்தது. அவள் போன அடுத்த நாளே மேலிடத்தில் எங்கள் விண்ணப்பத்தை எடுத்து, ஆள் இல்லை என்று எழுதிவிட்டால்? டெனிஷ் அம்மா சொன்னது பிழையாக இருந்தால்? கசெற்றை முழுவதும் பின்னால் சுற்றினேன். அதன்மேலேயே மறுபடி பேசினேன். அப்பாவுக்கு நல்ல டொக்டரைப் பார்க்கச் சொல்லும், நான் செபம் பண்ணுகிறேன், நீர் மட்டும் அசையவேண்டாம், பதில் அடுத்த மாதம் கட்டாயம் வரும், வரும்போது நீர் அங்கே நிற்கவேண்டும். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். பொய் சொல்ல அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. மற்றவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. கசெற்றை எடுத்து உறைக்குள் போட்டு ஒட்டினேன். திங்கட்கிழமை தபாலில் போட்டேன்.

மார்ச்சில் கசெற் திரும்பி வந்தது, கொழும்பு முத்திரையோடு. அவளுடைய குரல் கரகரத்திருந்தது. அப்பா போய்விட்டார் என்றாள். நல்ல மரணம், சாமியார் வந்து எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசினார், ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல் போனார் என்றாள். என்னைக் குற்றம் சொல்லி ஒரு சொல் இல்லை. கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பின்னணியில் கொட்டாஞ்சேனையின் வாகனச் சத்தம் இல்லை, எங்கோ ஒரு கோழி கொக்கரித்தது. வீட்டுக்காரி கோழி வளர்க்கிறாளாக்கும் என்று நினைத்தேன். "வேறை என்ன, முடிக்கிறன்" என்றாள். பொத்தானை அமத்தினேன். அந்தக் கசெற்றின்மேல் மறுபடி பேச எனக்கு வாய் வரவில்லை. அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் புதிது ஒன்று வாங்கினேன்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன், கேட்கும்வரை அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. அந்த இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமையே தொழிற்சாலையில் என் மேசைக்கு நூடில்ஸ் டப்பா வந்துவிட்டது. அடுத்த வருடம் ஊருக்குப் போய்வந்தவர், எனக்குச் சவர்க்காரக் கம்பெனியின் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அது மஞ்சள்.

மனைவியும் மகளும் வந்து சேர்ந்தது அந்த மார்ச்சிலிருந்து பதினைந்து மாதம் கழித்து. விமானநிலையத்தில் மகள் என்னை மாமா என்று கூப்பிட்டாள். பிறகு வாழ்க்கை தன்பாட்டில் ஓடியது. மகள் டெனிஷ் பள்ளிக்கூடம், மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வீடு இறுகிக் கிடந்தது. என் மாமனாரின் பேச்சு வந்தால் நான் எழும்பிப் போய்விடுவேன். ஒருமுறை மகள் சாப்பாட்டு மேசையில் டெனிஷில் தாத்தாவைப் பற்றி ஏதோ தொடங்கினாள். குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அவள் முடிக்கும்வரை ஒரே கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

அவர்கள் வந்து சில வருடங்களில், தமிழர் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை வெளிவந்தது. எங்கள் விண்ணப்பங்கள் வேண்டுமென்றே நிறுத்திவைக்கப்பட்டன என்று அதில் இருந்தது. அரசாங்கமே பதவி விலகியது. மாலைச் செய்தியில் அறிக்கையின் தொகுதிகளை மேசையில் அடுக்கிக் காட்டினார்கள். மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மகள் தாய்க்கு வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்: எல்லாம் முதலே தெரியுமாம் அம்மா, தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருந்தவையாம். மனைவி தொலைக்காட்சியைப் பார்த்தபடியே ம் என்றாள். என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. மகளை அறைக்குப் போகச் சொன்னேன்.

"எனக்கும் தெரியும்," என்றேன். "அந்த நவம்பரிலேயே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உம்மை அங்கை நிக்கச் சொன்னனான். அப்பாவைப் பார்க்க விடாமல் செய்தது நான்தான்."

மடித்துக்கொண்டிருந்த மகளின் சட்டையை அவள் மடித்து முடித்து, மற்றவற்றின்மேல் வைத்தாள். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"நான் போனனான்," என்றாள். "ஒன்பது நாள் அப்பாவோடை இருந்தனான். கஞ்சி பருக்கினது நான்தான். அந்தக் கசெற் பேசினது ஊரிலை வைச்சு. கொழும்புக்கு வந்த ஒராளிட்டைக் குடுத்துத்தான் போடுவிச்சனான். முப்பத்தோராம் நாள் பூசை முடிச்சுத்தான் திரும்பி வந்தனான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் நிற்கச் சொன்னேனே என்றேன், சின்னப்பிள்ளைபோல.

"போ எண்டதும் நீங்கள்தான், நில் எண்டதும் நீங்கள்தான். நான் ரெண்டையும் கேட்டன்." பிறகு, என்னைப் பார்த்துக் கேட்டாள், "அந்தக் கசெற்றை நீங்கள் ஒருநாளும் கடைசிமட்டும் கேட்கேல்லையா?"

பெட்டி கட்டிலுக்கடியில்தான் இருந்தது. நான் அதைத் தேடி எடுக்கும்போது அவள் சொன்னாள், பின்னால் கிடந்த என் பேச்சை அழிக்காமல் விட்டதே நான் கேட்கவேண்டும் என்றுதானாம். விமானநிலையத்திலேயே சொல்லுவேன் என்று பார்த்தாளாம். பிறகு அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்குச் சொல்லுவேன் என்று பார்த்தாளாம். நான் எழும்பி எழும்பிப் போகும்போதெல்லாம், மறுபடி வந்து உட்காரும்போது சொல்லுவேன் என்று பார்த்தாளாம்.

மகளின் சிறிய ரேடியோவில் கசெற்றைப் போட்டோம். அப்பா போய்விட்டார் என்ற அவளுடைய குரல். கோழி. வேறை என்ன, முடிக்கிறன். என் விரல் பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு ஒரு சொடுக்கு, அதற்குப் பிறகு ஒரு ஆண்பிள்ளை மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"...நான் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு இருக்காதையும். நான் இனியும் பொய் சொல்லுவன். நீர் பிள்ளையையும் கொண்டு அப்பாட்டைப் போம்."